இல்லாத குடிக்குப் பட்ட கடன்

அண்மைக் காலமாக எம் இளம் எழுத்தாளர்கள் சிலர் மிகுபுனைவின் பக்கம் திரும்பியிருக்கின்றனர். யுத்தத்தையும் இடம்பெயர்வையும் எழுதி அலுத்துப்போனதால் வந்த திருப்பமாக மட்டும் இதனை நான் பார்க்கவில்லை. உள்ள நிலத்தில் நின்று சொல்ல முடியாத சிலவற்றைச் சொல்வதற்கு இல்லாத ஒரு நிலம் தேவைப்படுகிறது. நிலத்தை வரைந்து, மலைகளையும் ஆறுகளையும் வைத்தாயிற்று என்றால், அங்கே வாழ்வதற்கு ஒரு குடி வேண்டும். அந்தக் குடிக்கு ஒரு பெயர், ஒரு மொழியின் சாயல், நாலு சடங்குகள், ஒரு பழைய பகை. ஒரு பின்னேரத்தில் ஒரு கொப்பியில் இவ்வளவையும் எழுதி முடித்துவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இந்த இலகுதான் என்னை யோசிக்க வைக்கிறது. இல்லாத ஒரு மக்கள் கூட்டத்தை உருவாக்குபவனுக்குக் கடமை ஏதும் உண்டா? உண்டென்றால் அது யாருக்கு?

'இல்லாதவர்களுக்கு எப்படி அநீதி இழைக்க முடியும்?' என்பது உடனடியாக வரக்கூடிய பதில். அதில் நியாயமும் உண்டு. புனைவு வேறு, பொய் வேறு. மகாமாத்தை எழுதிய ஹரீரிக்கே (1122 இல் காலமானவர்) இந்த வழக்கு இருந்தது. மிருகங்கள் பேசுகின்ற கதைகளை எவரும் பொய்யென்று தள்ளவில்லையே என்ற தொனியில் அவர் தனது முன்னுரையில் வாதாடுகிறார். சொல்பவனும் கேட்பவனும் 'இது கதை' என்று உடன்பட்டிருக்கும்வரை அங்கே ஏமாற்று இல்லை.

அந்த உடன்பாடு இல்லாமற் போனால் என்னவாகும் என்பதற்கு ஒரு தெளிவான உதாரணம் இருக்கிறது. 1704 இல் இலண்டனில் ஒரு நூல் வெளியாயிற்று. ஃபோர்மோசாத் தீவின், அதாவது இன்றைய தாய்வானின், வரலாறும் நிலவியலும் என்று சொல்லப்பட்ட அந்த நூலை எழுதியவர் ஜோர்ஜ் சல்மனாசார் என்று தன்னை அழைத்துக்கொண்டவர். தான் அத்தீவின் சுதேசி என்றார். பெரும்பாலும் அவர் பிரான்சின் தென்பகுதியைச் சேர்ந்தவர். அவரது உண்மைப் பெயர் இன்றுவரை தெரியாது. அத்தீவாருக்கென்று ஓர் அரிச்சுவடி, ஒரு நாட்காட்டி, நாணயங்கள், ஆடைகள், ஒரு மதம் எல்லாவற்றையும் அவரே உண்டாக்கினார். ஆண்டுதோறும் 18,000 சிறுவர்களின் இதயங்கள் அங்கே பலியிடப்படுவதாகவும் எழுதினார். சீனாவில் இருந்து வந்திருந்த இயேசுசபைப் பாதிரியார் ஒருவர் நேரிலேயே மறுத்தும், பலர் சல்மனாசாரைத்தான் நம்பினர். அவர் 1763 இல் இறந்த பின்னர், அடுத்த ஆண்டில் வெளிவந்த நினைவுக்குறிப்புகளில்தான் எல்லாம் கட்டியது என்ற ஒப்புதல் அச்சேறியது.

ஒரு குடியைக் கட்டியெழுப்பும் திறமையில் சல்மனாசாரை மிஞ்சியவர்கள் குறைவு. அவர் அதனை நாவல் என்று வெளியிட்டிருந்தால் இன்று அவரை ஒரு முன்னோடியாகக் கொண்டாடியிருப்போம். குற்றம் கற்பனையில் இல்லை. உண்மையில் ஃபோர்மோசாவில் மக்கள் வாழ்ந்தனர். தமக்கென்று மொழிகளும் ஊர்களும் கொண்ட அந்தத் தீவின் ஆதிக்குடிகளின் பெயரில் சிறுவர்களின் இதயங்கள் எழுதப்பட்டன. அவர்கள் இலண்டனுக்கு வந்து 'நாங்கள் அப்படியல்ல' என்று சொல்ல வழியிருக்கவில்லை. பொய்யின் முழுப் பாரமும் பேச இயலாதவர்களின் தலையில் இறங்கியது.

அப்படியானால் 'இது கதை' என்று அட்டையில் போட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சி.எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் 1954 இல் வந்த 'குதிரையும் அதன் பையனும்' என்ற கதையில் கலோர்மென் என்றொரு தேசம் வருகிறது. கருமுகங்கள், தலைப்பாகைகள், வளைந்த வாள்கள், அடிமைகள், கொடுங்கோல் மன்னன், பாலைவனம். அவர்களுடைய தெய்வமோ கழுகுத் தலையும் நான்கு கைகளும் கொண்டது. எங்கள் இறைநம்பிக்கைக்கும் அந்தத் தெய்வத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆயினும் அந்தத் தலைப்பாகையும் வாளும் யாருடையவை என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. லூயிஸுக்கு நியாயம் செய்வதென்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலோர்மென் பெண்ணான அராவிஸ் துணிவும் மானமும் உள்ளவள். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் கலை கற்பிக்கப்படுகிறது என்று மெச்சுகிறார். 1956 இல் வந்த இறுதிக் கதையில் எமெத் என்ற கலோர்மென் இளைஞன் சத்தியத்தைத் தேடியவனாகவே வருகிறான். ஆனால், நல்லவர்களாக வரும் இவர்கள் இருவரும் தம் குடியை விட்டு வெளியே வந்த பின்னரே நல்லவர்களாகக் கணக்கெடுக்கப்படுகின்றனர். உள்ளே இருந்துகொண்டே நல்லவனாய் இருக்க அந்தக் குடி இடம் தரவில்லை. பெயரை மாற்றிவிட்டதால் ஆசிரியன் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. மூலத்தின் சாயல் வாசகனின் மனத்தில் தங்கிவிடுகிறது. பின்னர் ஒருநாள் அவன் தெருவில் உண்மையான தலைப்பாகையைக் காணும்போது அந்தச் சாயல் எழுந்து நிற்கிறது.

ஃபிராங்க் ஹேர்பட்டின் 'டூன்' (1965) இதைவிடச் சிக்கலானது. அராக்கிஸ் என்னும் வறண்ட கோளில் வாழும் ஃபிரமென் குடியினரின் வாயில் மஹ்தி, ஜிஹாத், ஷெய்த்தான், லிசான் அல்-கய்ப் என்ற சொற்கள் உலவுகின்றன. காக்கேசிய மலைகளில் ரஷ்யப் பேரரசை எதிர்த்து நின்று 1859 இல் சரணடைந்த இமாம் ஷாமிலைப் பற்றி லெஸ்லி பிளாஞ்ச் 1960 இல் எழுதிய நூலிலிருந்து ஹேர்பட் நிறைய எடுத்திருக்கிறார். ஃபிரமென்களின் சக்கோப்ஸா மொழியின் பெயரே அங்கிருந்து வந்ததுதான். இதனை வெறுப்பு என்று தள்ள முடியாது. தண்ணீரின் பெறுமதியை வாழ்க்கை முழுவதற்கும் சட்டமாக்கிக்கொண்ட ஒரு மக்களை அவர் மதிப்போடுதான் எழுதுகிறார். இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் குடியின் நம்பிக்கைகளிற் சில முன்னொரு காலத்தில் வெளியாரால் திட்டமிட்டு விதைக்கப்பட்டவை என்றும், தேவைப்படும்போது அறுவடை செய்வதற்காகவே அவ்வாறு செய்யப்பட்டது என்றும் காட்டுகிறார். ஒரு குடிக்கு அதன் நம்பிக்கையைப் புனைந்து கொடுப்பது எத்தகைய அதிகாரம் என்பதை அவர் அறிந்திருந்தார். மீட்பனாக வரும் இளைஞன் வெளியாள். அவன் பெயரால் நடந்த பேரழிவை 1969 இல் வந்த அடுத்த நாவல் பேசுகிறது.

ஆயினும் எமது சொற்களை அந்த நாவலில் காணும்போது எனக்கு இரண்டு உணர்வுகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, அந்நிய வீட்டில் தன் வீட்டுப் பாத்திரத்தைக் கண்ட மகிழ்ச்சி. மற்றது, அந்தப் பாத்திரம் அங்கே சமைப்பதற்கு அல்ல, அலுமாரியில் அழகுக்கு வைக்கப்பட்டிருக்கிறதே என்ற சங்கடம். 2021 இல் வெளிவந்த திரைப்படத்தில் ஜிஹாத் என்ற சொல் தவிர்க்கப்பட்டு 'புனிதப் போர்' என்றாக்கப்பட்டது. சிலர் அதனை மரியாதை என்றனர். எனக்கு அது கடனைத் திருப்பிக் கொடுக்காமல் கடன் பத்திரத்தைக் கிழித்தது போலப் பட்டது.

இவ்வளவும் பிறர் எங்களை எடுத்துக்கொண்ட கதை. இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். நாமும் எடுப்பவர்கள்தான் என்பதை எண்ணிப் பார்ப்பது சுலபமில்லை. எங்கள் இளைஞன் ஒருவன் காட்டுக் குடியொன்றைப் புனைய அமர்ந்தால் அவன் கை முதலில் எங்கே நீளும்? வேடர்களிடத்தில்தான். வில், அம்பு, தேன், முன்னோர் ஆவிகள், இடுப்புத் துணி. செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றி எழுதிய பெருநூல் 1911 இல் வெளியாயிற்று. அதில் ஒரு செய்தி இருக்கிறது. பார்க்க வருகின்ற துரைமாருக்காகத் தங்கு விடுதிக்கு அழைத்து வரப்பட்ட வேடர் சிலர் அந்தப் பழைய சிறு உடையோடு வந்து நின்றார்களாம். காட்சி முடிந்த பின்னர் அயலில் உள்ள சிங்களக் கமக்காரர் போலவே உடுத்திக்கொள்வார்களாம். 'வேடன்' என்பவன் எப்படி இருக்க வேண்டும் என்று வந்தவனுக்குத் தெரிந்திருந்தது. இவன் அதனை உடுத்திக் காட்டினான். நூறு வருடங்களுக்கு மேலாகியும் நாம் எழுத எடுப்பது அந்த விடுதி வாசலில் நின்ற வேடனைத்தான். 1983 இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது தன் வேட்டை நிலத்தை இழந்தவன் எங்கள் கற்பனைக்குள் வருவதில்லை. கிழக்குக் கரையில் தமிழ் பேசி மீன்பிடித்து வாழும் வேடனும் வருவதில்லை. அவன் நாம் எதிர்பார்த்த உடையில் இல்லை.

எனவே இரண்டு இலகுவான வழிகளையும் நான் ஒதுக்குகிறேன். 'கற்பனைதானே, எதையும் எழுதலாம்' என்பது ஒன்று. 'அவரவர் தத்தம் குடியை மட்டும் எழுதட்டும்' என்பது மற்றது. இரண்டாவது நீதிபோலத் தோன்றினாலும், அது ஒவ்வொருவரையும் அவரவர் வேலிக்குள் அடைத்துவிடுகிறது. ஹுஜுராத் அத்தியாயம் மனிதர்கள் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டமைக்குச் சொல்லும் காரணம், ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வது. அறிந்துகொள்வதற்குக் கற்பனை இல்லாமல் முடியாது.

வேறு வழி உண்டா என்று தேடும்போது உர்சுலா லெ குயின் நினைவுக்கு வருகிறார். 1929 இல் பிறந்த அவரின் தந்தை அல்ஃபிரட் குரோபர், மானிடவியலாளர். 1911 ஆம் ஆண்டிலேதான் கலிபோர்னியாவின் ஒரோவில் என்ற ஊரில், வெள்ளைக் குடியேறிகளால் கொன்றொழிக்கப்பட்ட யாஹி மக்களில் எஞ்சிய ஒருவர் காட்டிலிருந்து வெளியே வந்தார். குரோபரின் நூதனசாலையில் அவர் தங்கவைக்கப்பட்டார். தன் பெயரைத் தானே சொல்வது அவருடைய குடியில் வழக்கமில்லை. சொல்லிக்கொடுக்க வேறு எவரும் உயிரோடு இல்லை. ஆகவே குரோபர் அவரை இஷி என்று அழைத்தார். அவர் மொழியில் 'மனிதன்' என்று அர்த்தம். 1916 இல் காசநோயால் இறக்கும்வரை அவர் தன் பெயரைச் சொல்லவேயில்லை. அவரது உடலை அறுக்க வேண்டாமென்று குரோபர் எழுதிய கடிதத்தையும் மீறி மூளை எடுக்கப்பட்டு வொஷிங்டனுக்கு அனுப்பப்பட்டது. 2000 ஆம் ஆண்டில்தான் அது அவரது உறவு மக்களிடம் திரும்பக் கிடைத்தது. இஷியின் வாழ்க்கையை 1961 இல் நூலாக எழுதியவர் லெ குயினின் தாய் தியோடோரா.

இந்த வீட்டில் வளர்ந்தவர் ஒரு குடியைப் புனைய எண்ணியபோது இஷியின் மக்களை எடுத்து வேறு பெயர் சூட்டவில்லை. 1985 இல் வெளிவந்த நூலொன்றில் கெஷ் என்ற மக்களை எதிர்காலத்தில், தான் சிறுவயதிலிருந்து அறிந்த வட கலிபோர்னியப் பள்ளத்தாக்கிலே குடியேற்றினார். அவர்களுடைய பாடல்கள், நாடகங்கள், சமையற் குறிப்புகள், சொல்லகராதி எல்லாம் அந்த நூலில் உண்டு. அவர்கள் மொழியில் செல்வத்துக்கும் கொடுத்தலுக்கும் ஒரே சொல். வம்சம் தாய்வழியில் போகிறது. மணமுடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். கிழக்கிலங்கையில் பிறந்த எனக்கு அந்தப் பகுதியை வாசிக்கும்போது விநோதமாக எதுவும் படவில்லை. எங்கள் ஊர்களில் குடி தாய்வழியாகத்தான் வருகிறது. ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போகிறார். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்த முறை பல இடங்களில் தளர்ந்துவிட்டாலும், கல்யாணப் பேச்சில் 'என்ன குடி?' என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. வாசகர்களை வியக்கவைக்க வேண்டுமென்று ஒருவர் புனைந்தது இன்னொருவருக்கு அன்றாடம். 'விசித்திரமான வழக்கம்' ஒன்றைத் தேடும் எழுத்தாளன் இதனை மனங்கொள்வது நல்லது. உள்ளே வாழ்பவருக்கு எந்த வழக்கமும் விசித்திரமில்லை.

அந்த நூலில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. லெ குயின் தன்னையே பண்டோரா என்ற பெயரில் உள்ளே கொண்டுவந்து, கெஷ் மக்களின் நூலகப் பொறுப்பாளராகிய ஒரு பெண்ணோடு உரையாட வைக்கிறார். அந்தப் பெண் ஆசிரியர் எதிர்பார்ப்பதைச் சொல்லவில்லை. எதிர்த்துப் பேசுகிறாள். ஆசிரியர் பொறுமை இழக்கிறார். தான் படைத்த குடியிடமே அவர் பதில் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். உண்மையான குடிகளே புனைவுகள்தானே? அதனை எவரும் மறுக்க முடியாது. 1377 இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், வம்சம் என்பது மனம் கொள்ளும் ஒன்றே என்றும், அதன் பயன் அது உண்டாக்கும் பிணைப்பிலும் பரஸ்பர உதவியிலும்தான் இருக்கிறது என்றும் கருதினார். அப்படியானால் நாவலாசிரியன் புனைந்த குடிக்கும் எங்கள் குடிக்கும் என்ன வித்தியாசம்?

இந்த வித்தியாசத்தை எங்கள் வரலாறே காட்டித் தந்திருக்கிறது. பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்கென ஒரு பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. மறுவருடம் எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். இராமநாதனின் கட்டுரைக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907 இல் நூலாயிற்று. பத்தொன்பது வருடங்கள் கழித்தேனும் ஒரு பதில் வந்தது. அறபு வம்சத்தை முன்னிறுத்திய அந்தப் பதிலிலும் ஒரு தெரிவு இருந்தது. தமிழ் அயலவரோடு நாம் பகிர்ந்துகொள்ளும் கிழக்கின் தாய்வழிக் குடிகளிலிருந்து ஒருவர் ஆரம்பித்திருந்தால் கதை வேறொன்றாகியிருக்கும். அப்படியும் எழுதலாம், எழுதியுமிருக்கிறார்கள். ஆக, உயிருள்ள ஒரு சமூகம் தன்னைப் பற்றிய கதையோடு சண்டையிடும். திருத்தும். மறுக்கும். தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து நின்று வாதிடும்.

புனைந்த குடியால் இது இயலாது. அதற்கு ஓர் அப்துல் அஸீஸ் பிறக்க மாட்டார். பத்தொன்பது வருடமல்ல, நூற்றுத்தொண்ணூறு வருடம் காத்திருந்தாலும் கலோர்மென்காரர் எவரும் லூயிஸுக்குப் பதில் எழுதப்போவதில்லை. அதனால்தான் அந்தப் பதிலையும் ஆசிரியனே எழுத வேண்டியிருக்கிறது. இல்லாத குடிக்குப் பட்ட கடன் என்று நான் சொல்வது இதனைத்தான். அவர்களைப் பற்றி நீ சொன்னதை மறுத்துப் பேசக்கூடிய ஒருவரை அவர்களுக்குள்ளேயே படைத்துக் கொடு.

இது வெறும் நீதிபோதனை அல்ல, எழுத்துக்கும் உதவுவது. 'இக்குடியினர் வீரர்கள், வாக்குத் தவறாதவர்கள்' என்று எழுதினால் ஒரு வரி முடிகிறது. வாக்குத் தவறிய ஒருவனை அவன் சாச்சி எப்படி மறைத்து வைத்தாள் என்று எழுதினால் ஒரு குடி பிறக்கிறது. சடங்கை வர்ணிப்பதோடு நின்றுவிடாமல், அந்தச் சடங்குக்குச் செலவழிக்க வசதியில்லாதவன் என்ன செய்கிறான் என்று கேட்க வேண்டும். அதனை இளையவர்கள் கேலி செய்வார்களா, மௌலவி போன்ற ஒருவர் அது பித்அத் என்று எதிர்ப்பாரா, மூத்தம்மா அதைக் காதில் வாங்காமல் செய்துகொண்டே இருப்பாவா என்று கேட்க வேண்டும். கந்தூரியும் மௌலூதும் எங்கள் ஊர்களில் எத்தனை வாக்குவாதங்களைக் கண்டவை என்று நமக்குத் தெரியும். அந்த வாக்குவாதங்களை நீக்கிவிட்டு எங்கள் பண்பாட்டை ஒருவர் எழுதினால் அது நாமாக இருக்குமா?

உண்மையான மக்களிடமிருந்து எடுத்ததை அமானிதமாகக் கொள்வது அடுத்த கடன். எடுக்காமல் எவரும் எழுத முடியாது. ஆனால் எடுத்த பொருளை அழகுக்கு வைக்கிறோமா, அது என்ன வேலைக்கு உண்டானதோ அந்த வேலையைச் செய்ய விடுகிறோமா என்பதை ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இஷி தன் பெயரைச் சொல்லாதிருந்தது போல, சொல்லாமல் விடுவதும் ஒரு குடியின் உரிமை. ஆசிரியனுக்கும் திறக்காத ஒரு கதவு அந்த வீட்டில் இருக்கட்டும்.

உருவம் சமைத்தோர் மறுமையில் தாம் சமைத்ததற்கு உயிர் கொடுக்குமாறு ஏவப்படுவர் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அதன் சட்டப் பொருளை உலமாக்கள் பேசட்டும். கதை எழுதுபவன் அதனைத் தன் மேசையில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் சொல்வேன். உயிர் கொடுக்க எங்களால் முடியாது, அது எங்கள் வேலையுமல்ல. ஆனாலும் நாளை அந்தக் கேள்வி கேட்கப்படும் என்ற நினைப்போடு எழுதுபவன், ஒரு முழு மக்கள் கூட்டத்துக்கும் ஒரே முகத்தை வரைந்துவிட்டுப் பேனையை மூடிவைக்க மாட்டான்.